காயத்துக்குக் கையொப்பம் கேட்போம்

தோழர்களே, ஒக்டோபர் 25 நெருங்குகிறது. இந்த வருடமும் அந்த நாளைக் கொழுந்து நிறுத்து, பேர் போட்டு, லயத்துக்குத் திரும்பும் இன்னொரு நாளாகக் கழித்துவிடப் போகிறோமா? பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை எங்கும் உள்ள தோட்டத் தலைவர்மாரை, மாதர் சங்கத்து அக்காமாரை, ஓ.எல்., ஏ.எல். முடித்துவிட்டு வேலைக்கு அலையும் தம்பி தங்கைகளைக் கூப்பிடுகிறேன். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இது எல்லாச் சங்கத்துக்கும் பொதுவான கடன்.

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25, ஒரு புதன்கிழமை. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 41 தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். சிலர் புலிகள் இயக்கத்தில் இருந்து சரணடைந்தவர்கள். சிலர் சந்தேகத்தில் பிடிபட்டவர்கள். மீசை அரும்பாத பையன்களும் அதில் இருந்தார்கள். எப்போது விடுவீர்கள், வந்த கடிதங்களை ஏன் தரவில்லை என்று முதல் நாள் மாலை முகாம் அதிகாரியிடம் கேட்டார்கள், அது தகராறாகியது. இரவோடு இரவாக ஊரில் சுவரொட்டிகள் முளைத்தன. விடிந்ததும் கத்தி, பொல்லு, கல், தீப்பந்தம் என்று ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. காவலுக்கென்று அனுப்பப்பட்ட பொலிஸார் அறுபது பேரளவில் துப்பாக்கியோடு நின்றார்கள். தடுக்கவில்லை. தப்பி ஓடியவர்களின் பக்கம்தான் துப்பாக்கி திரும்பியது. 27 பேர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். 14 பேர் காயங்களோடு மிஞ்சினார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீதிபதி குலதிலக தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு உட்கார்ந்தது. கொழும்பு மேல் நீதிமன்றத்தில் ட்ரயல் அட் பார் நடந்து, 2003 ஜூலையில் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதம் உயர் நீதிமன்றம் கடைசித் தீர்ப்பைச் சொன்னபோது அந்த ஐவரில் ஒருவர் கூடச் சிறையில் இல்லை. அந்தத் தீர்ப்பை இங்கே மறுபடி விசாரிக்க நான் வரவில்லை. இன்னார் செய்தார் என்று நிரூபிக்கவில்லை என்றால் விடத்தான் வேண்டும், சட்டம் அதுதான். ஆனால் கொலை நடந்ததை எந்த நீதிமன்றமும் மறுக்கவில்லையே. கொன்றவர் இல்லாத 27 கொலைகள் நம்முடைய மாவட்டத்தில் பதிவாகிக் கிடக்கின்றன.

செத்தவர்களைப் பற்றியாவது வருடத்துக்கு ஒரு தரம் யாரோ பேசுகிறார்கள். அந்த 14 பேரைப் பற்றி யார் பேசினோம்? அன்றைக்கு இருபது வயதுப் பையன், இன்றைக்கு நாற்பத்தைந்தைத் தாண்டியவன். மண்டையில் வெட்டு வாங்கியவனுக்கு, கை முறிந்தவனுக்கு, நெருப்பில் தோல் பொசுங்கியவனுக்கு வயது ஏற ஏற அந்தக் காயமும் கூடவே மூப்படையும். வேலைக்குப் போன இடத்தில் இது என்ன தழும்பு என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? அரசாங்கத்தின் காவலில் இருந்தபோது பட்டது என்று சொன்னால், அரசாங்கத்தின் காவலில் நீ ஏன் இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் காயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசாங்கம், அது என் கையில் இருந்தபோது உனக்கு நேர்ந்தது என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். நான் உங்களைக் கூப்பிடுவது இந்த ஒரு தாளுக்காக.

இது ஏதோ இல்லாத ஊருக்கு வழி கேட்பது என்று நினைக்காதீர்கள். பிந்துனுவெவவில் இருந்து பக்கத்தில் உள்ள தியத்தலாவைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட போயர்கள், தென்னாபிரிக்காவின் வெள்ளைக்காரக் குடியானவர்கள், அங்கே கிடக்கிறார்கள். 1900 ஓகஸ்டில் தொடங்கி பிரித்தானிய அரசு தென்னாபிரிக்காவில் நடத்திய போரில் பிடிபட்ட போயர் கைதிகளைக் கப்பல் கப்பலாக இலங்கைக்குக் கொண்டு வந்தது. சுமார் ஐயாயிரம் பேர். பெரும்பாலானோரைத் தியத்தலாவையில் தகரக் கொட்டில்களில் முட்கம்பிக்குள் வைத்தார்கள். பண்டாரவளைக்கு ரயில் வந்து ஆறே வருடம் ஆகியிருந்த காலம் அது. காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்கள் இன்றைக்கும் அங்கே கல்லில் இருக்கின்றன. சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டேன், பிரித்தானிய அரசனுக்குப் பணிய மாட்டேன் என்று பிடிவாதமாக இங்கேயே தங்கிப்போன ஏங்கல்பிரெக்ட் என்ற கைதி பிறகு யாலச் சரணாலயத்தின் முதல் காவலரானதும் இந்தக் கதையில் ஒரு கிளை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நமக்கு வேண்டியது ஊர் திரும்பிய போயர்களின் கதை. போர் 1902 மே 31இல் முடிந்தது. அவர்கள் தோற்றார்கள். பதினெட்டு வருடம் கழித்து, 1920 டிசம்பரில், தென்னாபிரிக்க ஒன்றிய அரசு அந்தத் தோற்ற படைக்கு விருதுகளை அறிவித்தது. அதிகாரிகளுக்கு ஒன்று, பணியாமல் போரிட்ட எல்லோருக்கும் ஒரு பதக்கம், அத்தோடு போரில் காயம்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு நாடா. கவனியுங்கள் தோழர்களே, அந்த ஒன்றியம் பிரித்தானிய சாம்ராஜ்யத்தின் உள்ளே இருந்த நாடு. எந்த அரசனின் படையை எதிர்த்துப் போரிட்டுக் காயம்பட்டார்களோ, அதே முடியின் கீழ் இருந்த அரசு அந்தக் காயத்துக்கு நாடா கொடுத்தது. கைதியாகப் போனவன் என்று ஒதுக்கவில்லை. முடிவு வரை பணியாமல் இருந்தானா என்றுதான் கேட்டார்கள். முட்கம்பிக்குள் இருந்துகொண்டே பணியாமல் இருந்தவனும் அதில் அடக்கம்.

அந்த நாடா யாருடைய வீட்டுக்கும் தானாக நடந்து போகவில்லை. காயம்பட்டவன் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. எந்தப் படைப்பிரிவில் இருந்தேன், எந்தச் சண்டையில் எங்கே அடிபட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. கூட நின்றவன், மேலே இருந்தவன் அதை ஆமோதிக்க வேண்டியிருந்தது. இருபது வருடத்துக்கு முந்திய காயத்துக்கு அப்படித்தான் சாட்சி தேடி அலைந்தார்கள். நாம் இங்கே கேட்பதற்கும் அவர்கள் அங்கே கேட்டதற்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

போயர்களை நான் போற்றுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சனத்தை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பது ஊரறிந்தது. 1913இல் அங்கே வரிக்கும் திருமணச் சட்டத்துக்கும் எதிராக நடந்து சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பெப்ரவரி 22இல் பதினாறு வயதில் செத்துப்போனாள். அப்போது அமைச்சராக இருந்த ஸ்மட்ஸ்தான் 1920இல் பிரதமர். தன் ஆட்களின் காயத்துக்கு நாடா தைத்த கைக்குத் தமிழ்ப் பிள்ளையின் உடம்பு கண்ணில் படவில்லை. எந்த அரசும் தன்னால் பாதிக்கப்பட்டவனைத் தானாகக் கணக்கில் எடுப்பதில்லை. பின்னால் ஒரு கூட்டம் நின்று நெருக்கினால்தான் எடுக்கும். வள்ளியம்மையின் பெயர் இன்றும் நிற்பதற்குக் கூட அவளோடு நடந்தவர்கள் எழுதியும் பேசியும் வைத்ததுதான் காரணம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். போரில் காயம்பட்டவனுக்கு அங்கே ஊதா இதயம் என்று ஒரு பதக்கம் உண்டு. பகைவனிடம் கைதியாக இருந்தபோது அடி உதையில், சித்திரவதையில் பட்ட காயம் அதற்குச் சேருமா என்பதில் பல காலம் இழுபறி. பழைய போர்களில் கைதியாக இருந்தவர்கள் வயதான காலத்தில் விண்ணப்பத்தோடு அலைந்தார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள், திரும்பவும் எழுதினார்கள். கடைசியில் 1996இல் சட்டம் போட்டுத்தான் 1962க்கு முந்திய கைதிகளின் காயத்தையும் சேர்த்தார்கள். கொரியாவில் அடைபட்டிருந்தவனுக்கு நாற்பது வருடத்துக்குப் பிறகு! அவ்வளவு பலமான அரசே அவ்வளவு காலம் எடுத்தது என்றால், நம் அரசு ஒரே கடிதத்தில் இளகும் என்று நான் உங்களுக்குப் பொய்யான ஆசை காட்டப் போவதில்லை.

நம் நாட்டிலும் காயத்துக்குப் பதக்கம் உண்டு. தேச புத்திர சம்மானய. போரில் செத்த, காயம்பட்ட படையினருக்கும் பொலிஸாருக்கும் கொடுப்பது. அதை வாங்கியவர்களில் வெல்லவாய, மொனராகலை, பிபிலைப் பக்கத்து ஏழைச் சிங்களக் குடும்பத்துப் பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கால் போனவர்கள், கண் போனவர்கள். 2016இல் அப்படி அங்கவீனமான படையினர், முழு ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் ஜனாதிபதி செயலகத்துக்குப் பக்கத்தில் தெருவில் உட்கார்ந்தார்கள். பதக்கம் கிடைத்தவனும் தெருவுக்கு வரவேண்டிய நாடு இது. அந்தப் பையன்களின் அம்மாமார் நம் எதிரிகள் இல்லை என்பதை நம் கூட்டங்களில் உரக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் சிங்களத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் போக வேண்டும். பண்டாரவளைச் சந்தையில் நம்மோடு பக்கத்துக் கடை போடுகிறவர்களுக்கு, அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு. பிந்துனுவெவவைச் சொல்லி ஒரு கிராமத்தையே கொலைகாரக் கிராமம் என்று பேசுகிறவன் நம் மேடையில் ஏறக் கூடாது. நாம் கேள்வி கேட்பது துப்பாக்கி கையில் வைத்துக்கொண்டு பார்த்து நின்ற அரசாங்கத்தை.

இப்போது ஒருவர் எழும்புவார்: அவர்கள் போர்க் கைதிகளா என்ன? புனர்வாழ்வு பெற்றவர்கள்தானே! பெயரை அப்படி வைத்தது அரசு. உள்நாட்டுப் போரில் பிடிபட்டவனைப் போர்க் கைதி என்று எந்த அரசும் அழைக்காது, அழைத்தால் எதிரியைப் படையாக ஏற்றதாகிவிடும் என்ற பயம். சரி, பெயர் வேண்டாம். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் நாலுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை உள்நாட்டுப் போரைப் பற்றித்தான் பேசுகிறது. ஆயுதம் கீழே வைத்தவனை, அடைபட்டிருப்பவனை, காயம்பட்டவனை மனிதனாக நடத்த வேண்டும் என்கிறது. இலங்கை அந்த ஒப்பந்தங்களை 1959இல் ஏற்றுக்கொண்டது. நாம் கேட்பதற்கு அவ்வளவு போதும்.

இன்னொருவர், அவர்கள் வடக்குக் கிழக்குப் பிள்ளைகள், நமக்கு ஏன் வம்பு என்பார். இதைத்தான் நான் கோபத்தோடு கேட்கிறேன். அந்தச் செய்தி வந்த வாரம் மலையகம் எப்படிக் கொதித்தது என்று மறந்துபோனீர்களா? தலவாக்கலையில், ஹட்டனில் கடையடைப்பும் ஊர்வலமும், பிறகு மோதலும், பொலிஸ் துப்பாக்கியும், ஊரடங்கும். நம் லயத்துப் பையன்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர்களுக்காக நம் ஆட்கள் தெருவில் இறங்கினார்கள், அடி வாங்கினார்கள். அந்த அடிகளும் எங்கேயும் எழுதப்படவில்லை. முட்கம்பிக்கு உள்ளே பட்ட காயமும் வெளியே பட்ட காயமும் ஒரே வாரத்துக் காயம்தான்.

நம் பழைய ஆட்கள் எழுத்தின் பலத்தை அறிந்தவர்கள். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சுடப்பட்ட தொழிலாளி கோவிந்தனின் பெயர் இன்றும் வாயில் வருகிறதென்றால், சங்கம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது, விசாரணையில் சொல்ல வைத்தது, அதுதான் காரணம். அதே வருடம் மே மாதம் நம் பதுளையில் வெவெஸ்ஸ தோட்டத்தில் என்ன நடந்தது? சமசமாஜக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் தெரிவு செய்த சபையோடு கலந்து நடக்கத் துரையையே ஒத்துக்கொள்ள வைத்தார்கள். பொலிஸை ஏவியும், மழை வெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்தும்தான் அந்த அலையை அடக்க முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன்மார் துரையை உடன்பாட்டுக்கு இழுத்தார்கள். கையில் போனும் பட்டமும் வைத்திருக்கும் நாம் ஓர் அரசாங்க அலுவலகத்திடம் ஒரு தாளை எழுதி வாங்கத் தயங்குவதா?

என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஐந்து பேர் போதும், அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். முதல் வேலை, கேட்பது. அன்றைக்கு பதுளை, தியத்தலாவை, பண்டாரவளை ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த அட்டெண்டன், தாதி, அம்புலன்ஸ் ஓட்டியவர் யாராவது உங்கள் பக்கத்தில் ஓய்வாக இருப்பார். முகாமுக்குக் காய்கறி கொண்டுபோனவர் இருப்பார். போய் உட்கார்ந்து பேசுங்கள். பெயர் வெளியே வராது என்று சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். பயந்தவரை நெருக்காதீர்கள். ஆஸ்பத்திரித் துண்டுகளும் பதிவேடுகளும் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள், கறையானும் கட்டடத் திருத்தமும் சேர்ந்து அழித்துவிடும். அவசரம் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இன் 12ஆம் இலக்கமாக நம் கையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டப்படி பதினாலு வேலை நாளுக்குள் தகவல் உத்தியோகத்தர் தருவேன் அல்லது மாட்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். 2000 ஒக்டோபர் 25 அன்று காயத்தோடு அனுமதிக்கப்பட்டவர்களின் பதிவு இருக்கிறதா, எங்கே, யார் பொறுப்பு என்று ஆஸ்பத்திரிகளிடமும், புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்திடமும், பொலிஸிடமும் கேளுங்கள். நோயாளியின் பெயரைத் தர மாட்டோம் என்றால் எண்ணிக்கையைத் தாருங்கள் என்று கேளுங்கள். பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் நமக்கு ஒரு சாட்சியம்தான், பத்திரமாக வையுங்கள். ஓர் ஆளே பத்துக் கடிதம் எழுதாமல் பத்துத் தோட்டத்தில் இருந்து பத்துக் கடிதம் போகட்டும்.

இந்தப் பக்கத்தில் நாம் இவ்வளவு செய்தால், மிஞ்சிய அந்த மனிதர்களிடம் போய்க் கேட்க நமக்கு முகம் இருக்கும். அவர்கள் முன்னால் வர விரும்பினால் மட்டும். சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி, ஒரு வைத்தியரின் சான்று, கூட இருந்த ஒருவரின் வாக்குமூலம். 2018இல் சட்டமாகிய இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கு அது போகட்டும். அங்கே பணம் கேட்பது அவரவர் உரிமை, கேட்கட்டும். ஆனால் பணத்தோடு ஒரு வரி வேண்டும்: இவர் அரசின் காவலில் இருந்தபோது, அரசு காக்கத் தவறியதால் இந்தக் காயம் அடைந்தார். அதை மூன்று மொழியிலும் எழுதி, திகதி போட்டு, கையொப்பம் இட்டுத் தர வேண்டும். அந்த வரி இல்லாத காசோலையை வாங்கியவரையும் நாம் குறை சொல்லக் கூடாது, பிள்ளைகுட்டி உள்ளவர்கள். வரியைக் கேட்டுக்கொண்டே இருப்பது நம் பொறுப்பு.

பதக்கம் கேட்கலாமா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். அடித்தவன் வீட்டுத் தகரத்தை நெஞ்சில் குத்திக்கொள்வதா என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். இரண்டு பேருக்கும் நான் சொல்வது, போயர்களில் கூட அந்த நாடாவை வேண்டாம் என்று இருந்தவர்கள் இருந்திருக்கலாம், வாங்கிப் பெட்டியில் வைத்தவர்களும் இருக்கலாம். அதை நெஞ்சில் குத்துவதா பெட்டியில் வைப்பதா என்பது காயம்பட்டவர் முடிவு. கொடுக்க வேண்டியது கொடுக்கப்பட்டதா என்பதுதான் நம் கேள்வி.

பயம் இருக்கும். எனக்கும் உண்டு. ஆகவே எதையும் ஒளித்துச் செய்ய வேண்டாம். இரவில் கூட்டம் போடாதீர்கள். ஞாயிறு பகலில், கோயில் மண்டபத்தில் அல்லது பிரட்டுக்களத்தில், கிராம சேவகருக்குச் சொல்லிவிட்டே கூடுங்கள். கட்சிக் கொடி கொண்டுவராதீர்கள். யாராவது எந்த இயக்கத்தையும் வாழ்த்திக் கோஷம் போட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், 14 பேரின் வேலையை ஒரு கோஷம் கெடுத்துவிடும். யாரையாவது விசாரணைக்குக் கூப்பிட்டால் அந்த மணித்தியாலத்திலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளை அலுவலகத்துக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் தகவல் போக வேண்டும். தொலைபேசி இலக்கங்களை இப்போதே எழுதி லயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

வரும் ஞாயிறு முதல் கூட்டம் போடுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு தோட்டத்தில் இருந்தும் முதல் தகவல் கோரிக்கை பதிவுத் தபாலில் போயிருக்க வேண்டும். ரசீதுகளை ஒரு கொப்பியில் ஒட்டி, திகதி எழுதி, ஒக்டோபர் 25 அன்று காலை பண்டாரவளைக்குக் கொண்டு வாருங்கள். அங்கே முதலில் 27 பெயர்களை வாசிப்போம். பிறகு கொப்பிகளைத் திறந்து, பதில் வந்தது எத்தனை, வராதது எத்தனை என்று எண்ணுவோம்.